கடுகுப் பை

கொட்டாஞ்சேனை,
14.02.1999

அன்பு மச்சாள் திலகமணிக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் இங்கே சுகம். லண்டன் குளிரில் நீரும் பிள்ளைகளும் தடிமன், இருமல் இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன்.

ஃபோனில் கதைக்க முடியாத விஷயம், அதுதான் எழுதுகிறேன். உம்முடைய அண்ணனைக் கட்டியபோது, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்று உங்கள் வீட்டில் எல்லாரும் முகத்தைத் திருப்பினார்கள். முதன்முதலில் என்னை ‘மச்சாள்’ என்று கூப்பிட்டவள் நீர்தான். ஆகவே இந்த வெட்கக்கேடும் உமக்குத்தான்.

போன ஜூனில் இடது மார்பை எடுத்தது உமக்குத் தெரியும். கடவுள் புண்ணியத்தில் நோய் திரும்பவில்லை. இப்போது ஒரு டொக்டர், எடுத்த இடத்தில் புதிதாக ஒன்று செய்யலாம் என்கிறார். முதலில் தோலுக்குக் கீழே ஒரு பலூனை வைத்து, வாரம் ஒருமுறை ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றித் தோலை இளக்குவாராம். பிறகு பலூனை எடுத்துவிட்டு சிலிக்கோன் இம்பிளான்ட் வைப்பாராம். கேட்க என்னவோ றபர் பந்துக்குக் காற்றடிக்கிற மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது, மச்சாள். மிகவும் ஆசையாக இருக்கிறது.

வில்லங்கம் என்னவென்றால், இம்பிளான்டின் அளவையும் புரொஃபைலையும் நாங்கள் முதலே முடிவுசெய்ய வேண்டும். பெட்டி பெட்டியாக வைத்துப் போட்டுப் பார்க்கிற வசதி இங்கே இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒன்றே ஒன்றுதான் எடுப்பிக்கலாம், மாற்றுவது லேசில்லை. பிளவுஸ் துணி எடுக்கவே வெள்ளவத்தையில் ஏழு கடை ஏறி இறங்குகிறவள் நான். புரொஃபைல் என்றால் என்னவென்றே எனக்கு விளங்கவில்லை. நீர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறபடியால் யாரையாவது விசாரித்து எழுதும்.

நான் கந்தோர் வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். கொஞ்சம் களைப்பு, வேறொன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்பு மச்சாள்,
மெற்றில்டா

*

லண்டன்,
09.03.1999

என் அருமை மச்சாளுக்கு,

நல்லூரான் துணையால் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சூரியனைத்தான் ஒரு மாதமாகக் காணவில்லை. உங்கள் களைப்பு தீர்ந்து நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வைத்து வாசித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. ஓம் மச்சாள், செய்யுங்கள்! யோசிக்கவே வேண்டாம்.

நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில்தான் வேலை என்றாலும், போர்வை கொண்டுபோகிற சாட்டில் எல்லா வார்டுக்கும் போவேன். மார்பு நோய்ப் பகுதியில் ஒரு தாதியைப் பிடித்துக் கேட்டேன். முதலில் பார்க்க வேண்டியது கொள்ளளவு இல்லையாம், நெஞ்சின் அகலமாம். இம்பிளான்டின் அடி அந்த அகலத்தைத் தாண்டக் கூடாது. அடி ஒரே அளவாக இருக்க, அது முன்னுக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் புரொஃபைல். இட்லியையும் பேக்கரிப் பணிஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். இட்லி படிந்து கிடக்கும், அது லோ. பணிஸ் எழும்பி நிற்கும், அது ஹை. இரண்டுக்கும் நடுவில் மொடரேட்.

என் வாக்கு பணிஸுக்குத்தான்! செய்வதைச் செய்கிறீர்கள், ஊர் திரும்பிப் பார்க்கச் செய்யுங்கள். மற்றப் பக்கத்தையும் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லுங்கள், சோடி சரியாக இருக்கும்.

அது சரி, ஏன் லீவு? ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் மாதமே கந்தோர் டெலிஃபோன் சுவிட்ச்போர்டில் போய்க் குந்திய ஆள் நீங்கள். இப்போது எங்கிருந்து வந்தது களைப்பு? அண்ணா இதற்கெல்லாம் என்ன சொல்கிறார்?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
திலகமணி

*

கொட்டாஞ்சேனை,
05.04.1999

அன்பு மச்சாளுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. நேற்றுப் பாஸ்கு. கோயிலுக்குப் போய்வந்தேன். உடம்பு சுகம்.

லீவைப் பற்றிக் கேட்டீர். எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் உம்மிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

மார்பை எடுத்தபிறகு, பிராவுக்குள் வைக்க நானே ஒரு பை தைத்தேன். பஞ்சு வைத்தால் பாரமில்லாமல் மேலே ஏறிக்கொண்டது, அதனால் கடுகு நிரப்பினேன். கடுகு நல்ல சாமான், மச்சாள். உருண்டு கொடுக்கும், பாரமும் இருக்கும், நடந்தால் அசையும். சேலை கட்டினால் ஒருவருக்கும் தெரியாது. மாற்றிப் போட இன்னொன்றும் தைத்து அலுமாரியில் வைத்தேன்.

கந்தோர் கொழும்புக் கோட்டையில் என்பது உமக்குத் தெரியும்தானே. போகிற வழியில் பெண்களைச் சோதிக்க ஒரு பலகைக் கூடு இருக்கிறது, வாசலுக்குச் சாக்குத் திரை. நாலு மாதம் ஒரு குறையுமில்லாமல் போய்வந்தேன். ஜனவரியில் ஒரு நாள் புதிதாக ஒரு பொலிஸ் பெட்டை நின்றாள். இடது பக்கத்தை அமத்திப் பார்த்தவளின் முகம் வெளுத்துவிட்டது. “மொகத்த மே?” என்று கத்தினாள். இது என்ன என்று கேட்கிறாள். எனக்கு ஒப்பரேஷன் நடந்தது என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. பெண்கள் குண்டை உடம்பில் கட்டிக்கொண்டு வந்து வெடிக்கிற காலத்தில் அவளைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். “கலவன்ன!” என்று கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். ஒருத்தி கத்தரிக்கோலால் பையை வெட்டினாள்.

கடுகு கொட்டியது, மச்சாள். கூட்டுக்குள்ளே கொட்டி, திரைக்குக் கீழால் உருண்டு வெளியே வரிசையில் நின்ற சனங்களின் காலடிக்குப் போனது. திரையும் பாதி விலகிப்போய்க் கிடந்தது. வரிசையில் என் கந்தோர்ப் பெட்டைகள் மூன்று பேர். வெளியில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, “கரபிஞ்சா கோ, அக்கே?” என்றான். கறிவேப்பிலை எங்கே என்று கேட்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். பயம் விட்ட சிரிப்புத்தான், ஆனாலும் சிரிப்புத்தானே.

அன்றைக்கு ஒரு பக்கம் தட்டையாகவே கந்தோருக்குப் போய், பின்னேரம் வரைக்கும் ‘குட் மோர்னிங்’, ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் போகவில்லை. இன்னும் போகவில்லை.

எனக்கு ஊர் திரும்பிப் பார்க்க வேண்டாம், திலகமணி. அந்தக் கூட்டுக்குள் போய், கழற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான்.

அன்புடன்,
மெற்றில்டா

*

லண்டன்,
26.04.1999

என் அருமை மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமில்லை என்று இப்போது தெரியும், ஆகவே கேட்கவில்லை.

துணி வெளுக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். அந்த இரைச்சலில் நான் அழுதது ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த ஆமிக்காரனின் நாக்கு அழுகிப்போக. அந்தப் பெட்டைக்குச் சாபம் போட மனம் வரவில்லை, அவளுக்கும் இருபது வயதுதான் இருக்கும். ஆமிக்காரனுக்கு மட்டும் போட்டுவிட்டேன்.

இனி அலுவலுக்கு வருவோம். தாதி ஒரு நல்ல வழி சொன்னாள். நைலோன் காலுறையில் அரிசியை அளந்து போட்டு முடிந்து, பிராவுக்குள் வைத்துக்கொண்டு சில நாள் வீட்டில் திரிய வேண்டுமாம். சமைக்க, குனிய, படி ஏற, சேலை கட்ட. எது உடம்புக்கு ஒத்துவருகிறதோ அந்த அரிசியின் கொள்ளளவுதான் இம்பிளான்டின் அளவு. ஒரு கப்பிலிருந்து தொடங்குங்கள் என்றாள்.

என் பணிஸை நான் இன்னும் கைவிடவில்லை. அண்ணாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே?

உங்கள்,
திலகமணி

*

கொட்டாஞ்சேனை,
20.05.1999

அன்பு மச்சாளுக்கு,

மாதா எங்களைக் கைவிடவில்லை, சுகமாக இருக்கிறோம். உம்முடைய முதுகுநோ எப்படி? பாரம் தூக்காதேயும்.

உம்முடைய தாதி சொன்ன வைத்தியத்தால் எனக்கு வந்த கூத்தைக் கேளும்.

ஒரு கப் என்று எழுதியிருந்தீர். இந்த வீட்டில் அரிசி அளக்க இருப்பது சுண்டுதான். ஒரு சுண்டு அரிசியைக் காலுறையில் போட்டு முடிந்து வைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. மருந்து கசக்கும், இம்பிளான்ட் பெருத்துத்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். மூன்று நாள் அதோடு திரிந்தேன். அடுப்படியில் குனிந்தால் நான் குனிய முதல் அது குனிந்தது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கு முன்னால் யாரோ நடந்து போகிற மாதிரி.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஸமீமா சீனி கேட்டு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன மெற்றில்டா, ஒரு பக்கம் கொட்டாஞ்சேனையிலயே ஈக்கிது, மத்தப் பக்கம் பாலம் தாண்டி வத்தளைக்குப் பெய்த்திட்டு!” என்றாள். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்துவிட்டாள். சிரித்து முடிந்து என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். அவளே பேரப்பிள்ளையின் பால் போத்தலைக் கொண்டுவந்தாள், அதில் அளவுக்கோடு இருக்கிறதுதானே. காலுறையை அவிழ்த்து அரிசியை அளந்தோம். நானூறு மில்லிலீற்றரும் தாண்டிவிட்டது!

ஏன் என்று யோசித்தபிறகுதான் பிடிபட்டது. நான் அரிசி அளக்கும்போது தலை தட்டுவதில்லை, கூம்பாகத்தான் அள்ளுவேன். அதற்கு மேல், திடீரென்று வருகிற ஆளுக்கென்று ஒரு பிடியும் போடுவேன். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தன்பாட்டில் போட்டுவிட்டது. நெஞ்சுக்கும் விருந்தாளிக்கும் சேர்த்தே அளந்திருக்கிறேன்!

நல்ல காலம், டொக்டரிடம் ‘ஒரு சுண்டு’ என்று போய்ச் சொல்லவில்லை. அவரிடம் போனபோது நெஞ்சை அளந்து, மூன்று எழுதித் தந்தார். மூன்றுக்கும் அடி அகலம் ஒன்றுதான். லோ என்றால் இருநூற்றிருபது சி.சி., மொடரேட் இருநூற்றெழுபது, ஹை முந்நூற்று முப்பது. அவருடைய எண்ணம் மொடரேட். அதை வைத்து, வலது பக்கத்தையும் கொஞ்சம் வெட்டித் தூக்கினால் இளம் பெண் மாதிரி இருக்கும் என்கிறார். “கனபேர் சின்னதை எடுத்துப்போட்டுப் பிறகு வந்து கவலைப்படுறவை” என்றும் சொன்னார்.

ஒரே சோசரை வைத்து வட்டம் கீறி மூன்று பைகள் தைத்திருக்கிறேன். போத்தலால் அரிசியை அளந்து, தலை தட்டி. ஆனால் எது என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறது. ஆகஸ்ட் தொடங்கியதும் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மெற்றில்டா

*

லண்டன்,
08.06.1999

என் அருமை மச்சாளுக்கு,

எல்லாரும் சுகம். முதுகுநோ உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் கூடிவிட்டது. ஸமீமாவை நான் பார்த்ததில்லை, ஆனால் அவளுக்கு ஒரு நல்ல சேலை அனுப்ப வேண்டும் போலிருக்கிறது.

வலது பக்கத்தை வெட்டுகிற கதையை நீங்களே தீர்மானியுங்கள். நான்தான் முதலில் அந்த யோசனையைச் சொன்னேன், இப்போது நினைத்தால் என் வாயில் ஒரு அடி போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. நோயில்லாத பக்கத்தை எதற்கு நோகவைப்பது?

மச்சாள், ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இந்த வருடம் மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். ஸமீமா வருகிறாள், டொக்டர் வருகிறார், ஆமிக்காரன்கூட வருகிறான். அண்ணா எங்கே? இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

உங்கள்,
திலகமணி

*

கொட்டாஞ்சேனை,
25.06.1999

அன்பு மச்சாளுக்கு,

சுகம். மழை.

உம்முடைய அண்ணா சுகமாக இருக்கிறார். வேலைக்குப் போய் வருகிறார். போன வருட ஜூனிலிருந்து ஹோலில்தான் படுக்கிறார். அறைக்குள் காற்று வருவதில்லையாம்.

மூன்று பைகளும் அலுமாரிக்குள் இருக்கின்றன.

மெற்றில்டா

*

லண்டன்,
10.07.1999

மச்சாள்,

இந்தத் தரம் சுகம் விசாரிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன்.

அந்த அறையில் காற்று எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். நான் கலியாணம் முடித்து முதல் முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த அறையில்தான் படுத்தேன், கட்டிலுக்கு மேலே கட்டிய நுளம்புவலை கடல் காற்றில் பறந்தது.

அண்ணாவை எனக்குச் சின்னனிலிருந்தே தெரியும். அம்மா செத்த அன்று மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றவர். கல்நெஞ்சன் என்று ஊரெல்லாம் சொன்னது. முப்பத்தோராம் நாள் வரைக்கும் அவர் ஒரு நேரம்தான் சாப்பிட்டார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் தானாக ஒன்றும் வராது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தாதியையும் டொக்டரையும் என்னையும் விடுங்கள். மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நில்லுங்கள். பயமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போங்கள்.

திலகமணி

*

கொட்டாஞ்சேனை,
02.08.1999

என் தங்கமான மச்சாளுக்கு,

நான் நல்ல சுகம்! நீர் நூறு வயதுக்கு இருக்க வேண்டும், முதுகுநோ இல்லாமல்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் ஹோலில் சாய்மனைக் கதிரையில், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தார். ஒரு வருடமாக அந்தப் பேப்பரைத்தான் நான் பார்க்கிறேன். அறைக்குள் போய், கந்தோருக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டினேன். முதலில் ஹை. உம்முடைய பணிஸ்.

போய் முன்னால் நின்றேன். பொலிஸ் கூட்டுக்குள்கூட இவ்வளவு பயப்படவில்லை, மச்சாள்.

“இஞ்சேருங்கோ, ஒருக்கா நிமிந்து பாருங்கோ.”

“என்ன?” பேப்பர் அசையவில்லை.

“டொக்டருக்கு அளவு சொல்லவேணும். எது சரியெண்டு சொல்லுங்கோ.”

“எனக்கென்ன தெரியும். டொக்டரைக் கேளும்.”

“டொக்டர் என்னோட இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தேல்லை” என்றேன்.

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு நெஞ்சைப் பார்த்தார். “இது வேற ஆரோ” என்றார்.

உள்ளே போய் மொடரேட்டை வைத்துக்கொண்டு வந்தேன். கனநேரம் பார்த்தார். “வடிவுதான். ஆனா இது நீர் இல்லை.”

மூன்றாவது லோ. இட்லி. நான் கதவடியிலிருந்து நடந்து வரும்போதே கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார், திரும்பப் போட்டார். அவருடைய வாய் கோணிக்கொண்டு போனது.

“உதுதான் நீர்” என்றார்.

நான் அழுதேன். அவரும் அழுதார். “ஏன் இவ்வளவு நாளும் பாக்கேல்லை?” என்று கேட்டேன். “பாக்கேலாமல் இல்லை, மெற்றில்டா. நான் பாத்தா உமக்கு நோகுமெண்டு நினைச்சனான்” என்றார். நானோ, அவருக்கு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் படுத்தேன். என்ன மாதிரி இரண்டு மொக்குகள், பாரும்! கர்த்தர் சோடி சேர்த்ததுதான் சேர்த்தார், கொஞ்சம் வாய் உள்ளதாக ஒன்றையாவது பார்த்துச் சேர்த்திருக்கலாம்.

பின்னேரம் தலையணையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். ஹோலில் காற்று இல்லையாம்.

ஆகவே முடிவு: இருநூற்றிருபது, லோ புரொஃபைல். வலது பக்கத்தை ஒருவரும் தொட வேண்டாம். கலியாணம் கட்டிப்போன இரண்டு பிள்ளைகளும் குடித்த மார்பு அது, அதற்கு ஏற்ற மாதிரி மற்றது வரட்டும். இன்று காலை போய்ச் சொன்னபோது டொக்டர் “சின்னனெண்டு பிறகு கவலைப்படமாட்டீங்களோ?” என்று மூன்று தரம் கேட்டார். மாட்டேன் என்றேன். வருகிற கிழமை பலூன் வைக்கிறார்கள். பலூனில் கொஞ்சம் இரும்பு இருக்கிறதாம், சோதனை மெஷின் கத்துமாம். அதனால் அது உடம்பில் இருக்கும் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் போகமாட்டேன்.

உம்முடைய பணிஸ் தோற்றதற்கு மன்னியும்.

அளவில்லாத அன்புடன்,
மெற்றில்டா

*

கொட்டாஞ்சேனை,
12.12.1999

அன்புத் தங்கை திலகமணிக்கு,

நலம். உன் நலமும் குடும்பத்தார் நலமும் அறிய விருப்பம்.

மெற்றில்டாவுக்குக் கையைத் தூக்கி எழுத இன்னும் சில நாள் செல்லும். அதனால் நான் எழுதுகிறேன். சத்திரசிகிச்சை வெள்ளிக்கிழமை நடந்தது. நல்லபடியாக முடிந்தது.

ஒரு விஷயம். ஒக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் இருநூற்றெழுபது, மொடரேட். அனுப்பியவர்கள் மாறி அனுப்பிவிட்டார்கள். “ஐம்பது சி.சி.தானே வித்தியாசம், இதையே வைப்பம். திருப்பி எடுப்பிக்க இன்னும் ஆறு கிழமை செல்லும்” என்றார் டொக்டர். மெற்றில்டா என்னைப் பார்த்தாள். அவள் களைத்துப்போயிருந்தாள், தலையாட்டப் போகிறாள் என்று தெரிந்தது.

நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவன். முதலாளிக்கும் சரி, பொலிஸுக்கும் சரி, “சரி ஐயா” தவிர வேறு சொல்லிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். அன்று “இல்லை” என்றேன். “அது அவ இல்லை, டொக்டர். நாங்கள் காத்திருக்கிறம்” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல, வெளியில் இருந்த தாதி எட்டிப் பார்த்தாள். டொக்டர் பெட்டியை மூடினார்.

சரியானது டிசம்பர் முதல் கிழமை வந்தது. வைத்தாயிற்று. கட்டு மாற்றும்போது பார்த்தேன்.

அளவு சரி.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தில்லைநாதன்

*

கொட்டாஞ்சேனை,
31.01.2000

என் உயிர் மச்சாளுக்கு,

புது வருடத்தின் முதல் கடிதம். நான் சுகம் என்று இந்த முறை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. உண்மையாகவே சுகம். உமக்கும் பிள்ளைகளுக்கும் அதே சுகம் கிடைக்கட்டும்.

உம்முடைய கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. ‘கடுகு சிறுத்தாலும் காரம் போகாது’ என்று அதில் எழுதியிருந்தீர் அல்லவா? அண்ணாவும் தங்கையும் ஒரே மாதிரித்தான், சுருக்கமாக ஒரு வரி போடுவீர்கள், வாசிக்கிற ஆள் ஒரு கிழமைக்குச் சிரிக்கும்.

இன்று கந்தோருக்குப் போனேன்.

கொழும்பில் இப்போது சோதனை முன்னையைவிட இறுக்கம். வெடித்த குண்டுகளின் பயம் எல்லார் முகத்திலும் இருக்கிறது. உம்முடைய அண்ணா, தானும் லீவு போட்டுவிட்டு என்னோடு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு தனியாக பஸ் ஏறினேன். அதே பலகைக் கூடு, அதே சாக்குத் திரை. வரிசையில் நிற்கும்போது நெஞ்சு அடித்த அடியில் இம்பிளான்ட் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. பிறகு, அது இனிக் கழலாது என்று ஞாபகம் வந்தது.

உள்ளே போனால், அதே பெட்டை! ஒரு வருடத்தில் மெலிந்துபோயிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. கை வைத்தாள். வலது பக்கம் கை பட்டது தெரிந்தது. இடது பக்கம் தெரியவில்லை, அந்தப் பக்கத்தில் உணர்ச்சி இல்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முகத்தில் ஒன்றுமில்லை. கொட்டாவி விட்டாள், மச்சாள்! “ஹரி, யன்ன” என்றாள். சரி, போங்கள் என்கிறாள்.

அவ்வளவுதான். ஒரு வருடமாக இரண்டு நாட்டில் ஆராய்ச்சி செய்து, அரிசி அளந்து, சிங்கப்பூருக்கு இரண்டு தரம் எழுதி, இரண்டு ஒப்பரேஷன் செய்து எடுத்ததை, கொட்டாவியோடு விட்டுவிட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது. ‘எடி பிள்ளை, வடிவாய்ப் பார், இருநூற்றிருபது, லோ புரொஃபைல், என்னுடைய மனுசன் தெரிந்தெடுத்தது’ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்படியே நின்றேன். பின்னால் நின்ற மனுசி, “அய்யோ, போங்கோவன் அக்கா, பஸ் போகுது” என்று தள்ளினாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் நல்லாய் அடித்தது. ஆமிக்காரர்கள் தங்கள் பாட்டில் நின்றார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, திலகமணி. அந்த வீதியை நான் இளவரசி மாதிரிக் கடந்தேன்.

கந்தோரில் சுவிட்ச்போர்டை என் கதிரையோடு வைத்திருந்தார்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற பெட்டைகள் மூன்று பேரும் வந்து மேசையில் ஒரு கேக் வைத்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு, “குட் மோர்னிங்” என்றேன். இந்த ‘குட் மோர்னிங்’கில் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். மாற்றிப் போடத் தைத்த இரண்டாவது கடுகுப் பை, ஒரு நாளும் அணியாதது, அப்படியே கிடந்தது. என் கத்தரிக்கோலால் நானே வெட்டினேன். சட்டியில் எண்ணெயைச் சூடாக்கி, அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அளக்கவில்லை, கை போட்டதுதான். படபடவென்று வெடித்த சத்தத்தில் உம்முடைய அண்ணா குளியலறையிலிருந்து, “என்ன மெற்றில்டா, என்ன?” என்று ஓடிவந்தார்.

“ஒண்டுமில்லை, பருப்புக்குத் தாளிக்கிறன்” என்றேன்.

கறிவேப்பிலையும் போட்டேன், மச்சாள்.

என்றும் உம்முடைய,
மெற்றில்டா